சுரங்கத்து ஊரில் பொங்கற்பானை

ஓர் ஊரின் பண்டிகை வழக்கங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்வெட்டையோ தலபுராணத்தையோ தேடிச் செல்வர். தேர் எந்தத் தெருவில் திரும்பியது, எக்குடிக்கு முதல் மரியாதை, எந்த நாளில் யார் வீட்டிலிருந்து சீர் போயிற்று என்பன போன்ற செய்திகள் அங்கே எப்படியும் கிடைத்துவிடும். நெய்வேலி நகரியத்துக்கு அந்த வசதி இல்லை. அது தாத்தா பாட்டிகள் இல்லாமல் தொடங்கிய ஊர். ஒரு வழக்கத்தை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது எப்படி என்று அறிய விரும்புவோருக்கு இப்படிப்பட்ட ஊரே தகுந்த இடம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பழைய ஊர்களில் வழக்கம் தானாகவே நடக்கும். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. புதிய ஊரிலோ ஒருவர் நினைத்துச் செய்தால்தான் அது நடக்கும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1930களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய நிறத்தில் ஏதோ ஒன்று வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. அவர் திட்டத்துக்காகத் தம் நிலத்தையும் ஈந்தார். 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நிறுவனம் பதிவாயிற்று. காமராசர் முதல்வராக இருந்த காலத்தில், 1957 மே 20 அன்று, பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரிப் படுகையைக் கண்ணால் காண 1961 ஆகஸ்ட் வரை ஆயிற்று. சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது.

இந்த ஆண்டுகளில்தான் ஆட்கள் வந்தார்கள். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். சற்றுப் பின்னால், கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக அவர்களுடைய மனைவியர் வந்தனர். ஒரே மாதிரி வீடுகள், நேரான சாலைகள், தெருப்பெயருக்குப் பதிலாக எண்ணிட்ட வட்டங்கள். 'எந்த ஊர்?' என்று கேட்டால் சொந்த ஊரைச் சொல்வார்கள், 'எங்கே இருக்கிறீர்கள்?' என்றால்தான் வட்டத்தின் எண்ணைச் சொல்வார்கள். இருபது ஆண்டுகள் ஆன பின்னும் இந்தப் பதில் மாறவில்லை.

அந்த இளம் பெண்களுக்கு நேர்ந்த முதல் சிக்கல் பண்டிகைதான். பிறந்த வீட்டில் பொங்கலென்றால் பாட்டி சொல்வாள், அம்மா செய்வாள், பெண் வேடிக்கை பார்ப்பாள். இங்கே பாட்டியும் இல்லை, அம்மாவும் இல்லை. நூற்றைம்பது கல் தொலைவில் இருந்த மாமியாரிடம் கேட்பதற்குத் தொலைபேசியும் இல்லை. இருந்தது இன்லண்டு லெட்டர் ஒன்றே.

எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அட்டை போய்விட்டது, கோணி ஊசியால் தைத்திருக்கிறது. அறுபதுகளின் நடுவில் அம்மா அதை எழுதத் தொடங்கினார். பாட்டியின் கடிதங்களில் வந்த குறிப்புகளை மாதவாரியாகப் பிரித்து அதில் படியெடுத்திருக்கிறார். 'ஆடிப்பெருக்கு: சித்ரான்னம் மூன்று, காதோலை கருகமணி. ஆறு இல்லாவிட்டால் கிணறு, கிணறு இல்லாவிட்டால் குழாயடி' என்று ஒரு குறிப்பு. எங்களுக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும். காவிரிக் கரையை விட்டுப் போன மருமகள் ஆற்றுக்கு எங்கே போவாள் என்று யோசித்து, குழாயடிக்கும் அனுமதி வழங்கியிருக்கிறாள் எழுத்து அதிகம் அறியாத ஒரு கிழவி. வழக்கம் பிழைப்பதற்கு வேண்டிய முதல் நிபந்தனை இதுதான் என்று நினைக்கிறோம்: கைமாற்றித் தருகிறவர் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்த நோட்டில் பிற்பாடு வேறு மையில் சில திருத்தங்கள் உண்டு. பொங்கலுக்கு விறகடுப்பு என்று முதலில் இருக்கிறது. அதன் அருகே 'லெக்கோ' என்று எழுதியிருக்கிறது. இளைய வாசகர்களுக்கு ஒரு சொல்: பழுப்பு நிலக்கரியைப் பொடித்துக் கட்டியாக்கி, கரியாக்கி, புகையில்லா எரிபொருளாக நெய்வேலியில் செய்து விற்றார்கள். அதன் பெயர் லெக்கோ. அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் எரிவாயு எல்லார் வீட்டுக்கும் வருவதற்கு முன் தமிழகத்தின் பல நகரங்களில் அது நடுத்தர வர்க்கத்து அடுப்பின் கரி. எங்கள் ஊரிலோ அது சுரங்கத்திலிருந்து நேரே முற்றத்துக்கு வந்தது. அப்பா எடுத்த கரியில் அம்மா பொங்கல் வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு திருத்தம், நேரத்தைப் பற்றியது. சுரங்கமும் மின்நிலையமும் பண்டிகைக்காக நிற்பதில்லை; மூன்று ஷிப்டுகளும் ஓடியாக வேண்டும். நல்ல நேரம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை என்று பஞ்சாங்கம் சொல்லும். வீட்டுத் தலைவர் அப்போது மண்வெட்டும் பெரும் இயந்திரத்தின் மேலே இருப்பார். எனவே 'அவர் வந்த பிறகு' என்றொரு நல்ல நேரம் எங்கள் ஊரில் உருவாயிற்று. இரவுப் பணி முடித்து வந்தவர் குளித்த கையோடு பானையில் அரிசியிடுவார். தீபாவளியன்று கங்கா ஸ்நானம் சில வீடுகளில் விடியலுக்கு முன்னும் சில வீடுகளில் வெயில் ஏறிய பின்னும் நடந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் இந்தச் சங்கடம் இல்லை. அது பணியிடத்திலேயே நடக்கும் பண்டிகை. சந்தனமும் குங்குமமும் இட்ட இயந்திரங்களைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டுக்கொண்டே, அவர் கொண்டுவந்த பொரிகடலைப் பொட்டலத்தை நாங்கள் பிரிப்போம்.

ஊர்கள் பல கலந்த இடமாதலால் வழக்கங்களும் சுவர் தாண்டின. கொலு வைக்கும் பழக்கமே இல்லாத குடும்பத்துப் பெண்கள், பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் பாடப் போய், அடுத்த ஆண்டு தாமும் மூன்று படி வைத்தார்கள். மலையாள வீட்டுப் பூக்களத்துக்குப் பூப்பறித்துத் தந்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள். தெலுங்கு வீட்டு உகாதிப் பச்சடியும் ரம்ஜான் நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் தூக்குப் பாத்திரங்களில் வந்தன. அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்பது தெரு முழுவதும் ஏற்றுக்கொண்ட சட்டம். பாட்டி எழுதியனுப்பாத இந்தச் சட்டமும் எங்களுக்கு இன்று மரபுதான்.

சுற்றியிருந்த மண்ணும் தன் பங்கைத் தந்தது. அருகிலுள்ள வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. 1872இல் அமைந்த சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கிச் சோதி காட்டுகிறார்கள். வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரம். தை ஐந்தாம் நாள் கடலூர்ப் பக்கம் தென்பெண்ணை, கெடிலக் கரைகளில் ஆற்றுத் திருவிழா. மார்கழியில் சிதம்பரத்து ஆருத்திரா. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இவையே சொந்தத் திருவிழாக்கள் ஆயின. அம்மாவின் நோட்டில் பாட்டியின் குறிப்புகள் முடிந்த பிறகு வரும் பக்கங்களில் 'வடலூர்ப் பூசம்' என்று தலைப்பிட்டு, கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது. வந்தேறியவர்கள் வேர் விட்ட நாள் எது என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவோம்.

இதுவரை சொன்னது இனிமையான பாதி. மறு பாதியைச் சொல்லாவிட்டால் இது வரலாறாகாது.

நாங்கள் பொங்கல் வைத்த முற்றம் ஒரு காலத்தில் யாருடைய வயலாகவோ முந்திரித் தோப்பாகவோ இருந்தது. அனல்மின் நிலையத்தின் கொதிகலனுக்காகத் தோண்டிய பள்ளத்தில் ஊர்கள் இருந்தன. அவற்றின் மக்கள் இழப்பீடு பெற்று வேறிடங்களில் குடியேறினார்கள். வீட்டுக்கு மாற்று வீடு தரலாம். களத்துமேட்டுக்கும் ஊர்க் குளத்துக்கும் எல்லைச் சாமிக்கும் மாற்று எது? பொங்கல் என்பது அறுவடையின் பண்டிகை. நிலமிழந்தவன் வீட்டில் புத்தரிசி கடையிலிருந்து வருகிறது. கட்ட மாடில்லாத கொட்டிலுக்கு மாட்டுப் பொங்கல் எதற்கு? நகரியத்து மனிதர் மரபை விட்டு விலகி வந்தது விரும்பி, வேலைக்காக. கிராமத்து மனிதரிடமிருந்து மரபின் நிலம் விலகிச் சென்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நமக்கு உரிமையில்லை. இது பழங்கதையுமன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகம் முழுவதும் கண்டது. நிலத்தைச் சட்டப்படி முன்பே கையகப்படுத்தியாயிற்று என்பது ஒரு தரப்பு. பயிர் அறுவடைக்குக் காத்திருந்திருக்கலாமே என்பது மறு தரப்பு. தை மாதத்தை எண்ணி நட்டவனுக்கு இந்த வழக்கின் பொருள் வேறு.

நெய்வேலிக்குச் சக்கர வடிவ மண்வெட்டி இயந்திரங்களை அனுப்பிய ஜெர்மனியிலும் இதே கதை உண்டு. அந்நாட்டின் கிழக்கே லுசாட்டியா என்னும் பகுதியில் சோர்பியர் என்ற சிறுபான்மை ஸ்லாவிய இனத்தார் தமக்கென மொழியும் பண்டிகைகளும் உடையவர்களாய் வாழ்கிறார்கள். அவர்கள் காலடியிலும் பழுப்பு நிலக்கரி. அப்பகுதியில் 130க்கும் மேற்பட்ட ஊர்கள் சுரங்கங்களுக்காக முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. ஹோர்னோ என்ற சிற்றூர் பல்லாண்டுகள் போராடித் தோற்றது. மக்கள் ஃபோர்ஸ்ட் நகரின் ஓரத்தில் அதே பெயரில் புதிதாய் அமைந்த இடத்துக்குப் பெயர்ந்தனர். பழைய ஊரின் தேவாலயம் 2004இல் இடிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். 2006இல் புதிய ஹோர்னோவில் 'மறைந்த ஊர்களின் ஆவணக்காப்பகம்' ஒன்று திறக்கப்பட்டது. எந்த ஊர் எங்கே இருந்தது, எப்போது போயிற்று என்பதை அங்கே போனால் அறியலாம். மறைந்த ஊரின் பெயரைப் பேரப்பிள்ளை விரல் வைத்துத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது.

நமக்கு அப்படி ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், நம்மிடமே ஓர் உபாயம் இருப்பதை நினைவுகூர வேண்டும். குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் செல்வது பழைய வழக்கம். அந்த ஒரு பிடி மண்ணை வைத்துப் புதிய ஊரில் பீடம் எழுப்புவார்கள். கோயிலைத் தூக்கிச் செல்ல முடியாது, மண்ணைத் தூக்கிச் செல்லலாம் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலொன்று, தொன்மையானவை என்று நாம் நம்பும் பல மரபுகள் அண்மையில் புனையப்பட்டவை என்று காட்டிப் புகழ்பெற்றது. அந்த வாதத்தின் கூர்மையை மறுக்கவில்லை. ஆயினும் குடும்ப மரபுக்குத் தொன்மை முக்கியமில்லை என்பதே எங்கள் அனுபவம். 'வடலூர்ப் பூசம்' என்ற பக்கத்துக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை, அது பொய்யாகிவிடுமா? ஒருவர் எடுத்துக் கொடுத்தார், இன்னொருவர் கை நீட்டி வாங்கினார் என்ற அளவில் அது மெய்யே.

நகரியத்து வீடு சொந்த வீடன்று. பணி ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பத்தைந்து பொங்கல் வைத்த முற்றத்தையும், கிரகணத்தன்றுகூடத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பலாமரத்தையும் விட்டுவிட்டு ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் லாரி ஏறும். எங்கள் வீட்டிலும் அந்த நாள் வந்தது. பழைய தாளுக்கு எடைபோட ஒதுக்கிய குவியலில் அந்த நோட்டும் கிடந்தது; தைத்த ஊசிநூல் கண்ணில் படாதிருந்தால் போயிருக்கும். அம்மா அதை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, லாரியில் ஏற்றாமல் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

1962இல் ஓடத் தொடங்கிய அந்த முதல் மின்நிலையமும் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதை இயக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் பாஸ்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முற்றம் இல்லை, லெக்கோ இல்லை. பால் பொங்கும்போது புகையறிவான் கூவுமோ என்ற அச்சம் உண்டு. சென்ற தைப் பொங்கலன்று எங்கள் வீட்டுப் பெண் கைப்பேசியில் அழைத்து, 'பாட்டி, மின்னடுப்பில் வைக்கலாமா?' என்று கேட்டாள். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. 'பொங்குகிறதா பார், அதுதான் கணக்கு' என்றார். பிறகு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். லெக்கோ என்று எழுதியிருந்ததன் கீழே, நடுங்கும் எழுத்தில் 'மின்னடுப்பு' என்று சேர்த்தார்.

வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே ஒரு பண்டிகையைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரில், எந்த அடுப்பில், யார் அரிசியிட்டார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்த ஊர் இன்று வரைபடத்தில் இல்லையென்றால், அதன் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.