சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளிலே, சந்தைகளுக்குச் செல்லும் வழிகளிலும் கேணிக்கரைகளிலும் வயலோரங்களிலும், ஏறத்தாழ ஓர் ஆளின் கழுத்தளவு உயரத்துக்கு எழுந்து நிற்கும் கற்கட்டுகளைச் சிற்சில இடங்களில் இன்றுங் காணலாம். சில இடங்களில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். வேறு சில இடங்களிற் சுண்ணக்கல்லை அடுக்கிக் கட்டிச் சாந்து பூசியிருப்பார்கள். சித்திர வேலைப்பாடு அவற்றில் அதிகம் இல்லை. மோட்டார் வாகனத்தில் விரைந்து செல்பவரின் கண்ணுக்கு அவை இடிந்த மதிலின் எச்சம்போலத் தோன்றுவதும் உண்டு. சுமைதாங்கி என்பது அவற்றின் பெயர்.

அதன் பயனை அறிவதற்குத் தலைச்சுமை எடுத்தவருடைய துன்பத்தை அறிதல் வேண்டும். நிறைந்த கடகத்தைத் தலையில் ஏற்றுவதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும், இறக்குவதற்கும் அப்படியே. வீட்டிலிருந்து புறப்படும்போது ஏற்றிவிட ஆள் உண்டு. சந்தையில் இறக்கிவிடவும் ஆள் உண்டு. இடைவழியில் யார் இருக்கிறார்? கழுத்து நோகிறதென்று சுமையை நிலத்தில் வைத்துவிட்டால், அதனைத் திரும்பத் தூக்குவதற்கு வழிப்போக்கர் ஒருவர் வரும்வரையிற் காத்திருக்க வேண்டும். அதற்கு அஞ்சியே பலர் நோவைப் பொறுத்துக்கொண்டு நடந்தார்கள். கழுத்தளவு உயரத்திலே ஒரு கல் இருந்துவிட்டால் இத்தொல்லை தீர்ந்துவிடுகின்றது. கல்லோடு ஒட்டி நின்று, தலையைச் சற்றே சாய்த்து, சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். இளைப்பாறிய பின் அவ்வாறே தலைக்கு மீட்டுக்கொள்ளலாம். ஒருவரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை. ஒருவருக்கும் கடமைப்பட வேண்டியதுமில்லை.

குடாநாட்டிற் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1902 ஆம் ஆண்டிலேயாம். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் ஓடிற்று. 1905 ஆம் ஆண்டிலே பாதை தெற்கோடு இணைந்து, கொழும்புக்குச் செல்வதும் கைகூடிற்று. அதற்கு முன்னர் வண்டியும் மாடும் உடையவர் வண்டியிற் சென்றனர், மற்றையோர் நடந்தனர். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 20 மைல். புகையிலைச் சிப்பமும், பனங்கட்டிக் குட்டானும், ஒடியலும், மீனும், மரக்கறியும் மனிதருடைய தலையிலும் தோளிலும் ஏறியே சந்தைக்குச் சென்றன. சந்தைக்குச் சென்றவருட் பெண்கள் பலர். பங்குனி, சித்திரை வெயிலிலே வெண்ணிறச் சுண்ணக்கல் வீதி கண்ணைக் கூசச் செய்யும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் அது. மாரியிற் பெய்யும் மழைநீர் பாறையின் அடியிலே தேங்கிக் கிணறுகளில் ஊறுவதன்றி, வேறு நீர்வளம் அங்கே இல்லை. அத்தகைய நாட்டில் ஒரு மிடறு தண்ணீரும் ஒரு கைப்பிடி நிழலும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சுமைதாங்கிகளை அரசர் கட்டுவித்தார் என்று சொல்வதற்கில்லை. அவற்றுட் பல ஒரு வீட்டின் துயரத்திலிருந்து பிறந்தவை. கருவுற்றிருந்த பெண் ஒருத்தி பிள்ளையைப் பெறாமலே இறந்துவிட்டால், அவள் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழர் வழக்கம். இந்த வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் ஒருங்கே இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமற் போனவளின் ஆவி, பிறர் தத்தம் சுமையை இறக்கி ஆறும்போது தானும் ஆறும் என்று முன்னோர் நம்பினர். இந்நம்பிக்கையை ஏற்பவரும் உளர், ஏற்காதவரும் உளர். அது எவ்வாறாயினும், மகளை இழந்த தந்தையும் மனைவியை இழந்த கணவனும் தம் துக்கத்தை வீட்டினுள்ளே பூட்டி வைக்காது, வீதியிலே கொண்டுபோய் நட்டு, முகமறியாதவருடைய கழுத்துநோவுக்கு மருந்தாக்கினர் என்பது சாதாரணமான செய்தியன்று.

சுமைதாங்கி பெரும்பாலும் தனித்து நின்றதில்லை. அதன் அருகே ஒரு கிணறு, மாடுகள் நீர் அருந்துவதற்கு ஒரு தொட்டி, அவை உடம்பைத் தேய்த்துத் தினவு தீர்ப்பதற்கு ஓர் ஆவுரோஞ்சிக்கல், நிழலுக்கு ஒரு மரம், வசதி உள்ள இடத்தில் ஒரு மடம் என இவை கூடியிருந்தன. பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம் இவ்வகையிற் புகழ் வாய்ந்தது. மடங்கள் வீதியின் ஓரத்தில் இருப்பதே வழமை. இதுவோ வீதிக்கு மேலேயே கூரையை விரித்து நிற்கின்றது. வழி அதனூடாகவே செல்கின்றது. இரு மருங்கிலும் கல்லாலான திண்ணைகள். அங்கே தங்குவோமா வேண்டாமா என்று வழிப்போக்கர் யோசிப்பதற்கு முன்னரே நிழல் அவர் தலைமேல் விழுந்துவிடும்.

இவ்வறம் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே அசோகப் பேரரசர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் வைத்தியம் செய்வித்ததையும், வழிகளிற் கிணறு தோண்டி மரம் நாட்டியதையும் பொறித்துள்ளார். அச்சாசனம் சோழர், பாண்டியர் நாடுகளோடு தாமிரபர்ணி எனப்பட்ட இலங்கையையும் குறிப்பிடுகின்றது. ஆயினும் பேரரசர் செய்வது ஒன்று; ஒழுங்கையின் முனையில் வாழும் கமக்காரன் செய்வது வேறொன்று. பின்னவனுடைய அறத்துக்குச் சாசனம் இல்லை. அதன் கணக்கை அறிவதற்குத் தமிழ் நூல்கள் கூறும் முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலையே பார்த்தல் வேண்டும்.

அப்பட்டியலை மேலோட்டமாக வாசிப்பவர் சற்றே நகைக்கவுங் கூடும். அன்னதானம், மடம், தடாகம், சோலை, தண்ணீர்ப் பந்தல் முதலான பெரிய அறங்களோடு, தலைக்கு எண்ணெய், கண்ணுக்கு மருந்து, முகம் பார்க்கக் கண்ணாடி, காதுக்கு ஓலை என்பனவும் அங்கே அறங்களாகவே எண்ணப்படுகின்றன. நாவிதரையும் வண்ணாரையும் அமர்த்திக் கொடுப்பதும் அறமாம். கண்ணாடி கொடுப்பதும் ஒரு தருமமா? பலநாள் வழிநடந்து, தாடி வளர்ந்து, உடை அழுக்கேறி, தன் முகமே தனக்கு மறந்துபோன ஒருவனை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பசியைத் தீர்த்தால் அவன் உயிர் பிழைப்பான். எண்ணெயும் கண்ணாடியும் கொடுத்தால் அவன் தன்னையும் ஒரு மனிதனாக மதிக்கத் தொடங்குவான். அறங்களைத் தொகுத்த பெரியோர் இந்த இரண்டாவது தேவையையும் அறிந்திருந்தனர்.

தன்னைத் தான் பேணுவதைத் தன்னலம் என்று இகழ்ந்துவிடுவது எளிது. அநுராதபுரத்து மகாவிகாரையிலே கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இருந்து விசுத்திமார்க்கம் என்னும் பெருநூலைப் பாளிமொழியில் எழுதிய புத்தகோசர் அவ்வாறு கருதவில்லை. காஞ்சிபுரத்திலும் சிலகாலம் தங்கிய இவ்வாசிரியர், மைத்திரி என்னும் அன்பைப் பழகுவோன் முதலிலே தன்னிடமிருந்தே தொடங்குதல் வேண்டும் என்கிறார். தனக்கு அடுத்தபடியாகத் தான் மதிப்பவர், பின்பு நண்பர், பின்பு நட்பும் பகையும் அற்றவர், ஈற்றிலே பகைவர் என அன்பு விரிந்து செல்கின்றது. தன்னிடம் தொடங்குவதற்கு அவர் காட்டும் காரணம் நுட்பமானது. நான் இன்பத்தை விரும்பித் துன்பத்துக்கு அஞ்சுவதுபோலவே ஏனை உயிர்களும் அஞ்சுகின்றன என்று அறிவதற்குத் தானே தனக்குச் சாட்சி. சாட்சி அவ்வளவே, அங்கேயே நின்றுவிட்டால் நூறாண்டு பழகினாலும் தியானம் கைகூடாது என்றும் அவரே எச்சரிக்கிறார்.

புத்தகோசரின் பெயரையேனும் அறியாதவர் தலைச்சுமைக்காரர். எனினும் அவருடைய சாத்திரம் அவர்களுடைய கழுத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தன் நோவை உணர்ந்தவருக்கே எதிரே வருபவரின் நடையிலிருந்து அவருடைய நோவு புலப்படும். சுமைதாங்கியின் உயரத்தை அளந்தவர் நிச்சயமாகச் சுமை எடுத்துப் பழகியவரே. ஒரு சாண் கூடினாலும் ஒரு சாண் குறைந்தாலும் அக்கல் பயன்படாது.

தண்ணீர்ப் பந்தலின் கதையும் இத்தகையதே. கோடை தொடங்கியதும், சிறப்பாகத் தேர், தீர்த்தத் திருவிழாக் காலங்களில், வீதியோரத்திலே நான்கு கம்புகளை நட்டுக் கிடுகினால் வேய்ந்து, ஈரமணலில் மண்பானைகளைப் புதைத்து வைப்பார்கள். தண்ணீரோடு மோரும் உண்டு. மோரில் இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தேசிக்காய்ப் புளியும் சேரும். வார்த்துக் கொடுப்பதற்குச் சிறுவர்கள் முந்திக்கொள்வார்கள். வாங்கிக் குடிப்பவரின் முகம் மலர்வதைப் பக்கத்தில் நின்று காண்பதற்குச் சிறுவயதிலே கிடைக்கும் வாய்ப்பு அது.

ஆனால் வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தில் நின்றுவிட்டாற் பாதியையே எழுதியவராவர். அம்மண்பானையின் அருகே எல்லோரும் ஒருபோல வரவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் எட்டவே நின்று, வேறு கலத்திலோ குவித்த கைகளிலோ தண்ணீரை ஏந்த வேண்டியிருந்தது. கிணற்றுக்கட்டில் அவர்கள் ஏறுதலாகாது, வாளியைத் தொடுதலாகாது. பிறர் வந்து அள்ளி ஊற்றும்வரையில் வெறுங்குடத்தோடு வெயிலில் நின்ற தாய்மாரின் எண்ணிக்கை எந்த ஏட்டிலும் இல்லை. கே. டானியல் இம்மக்களின் வாழ்வைப் புனைகதையாக்கியபோது தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். மாட்டுக்குத் தொட்டி கட்டியவர், மாடு மேய்த்தவனுக்குக் கிணற்றை மறுத்தார். முப்பத்திரண்டு அறங்களையும் பாடமாக ஒப்புவிக்கத் தெரிந்த ஊர்களிலேயே இது நடந்தது. இதனை மறைப்பது முன்னோருக்குச் செய்யும் மரியாதையாகாது.

சுமைதாங்கி மாத்திரம் இக்குற்றத்துக்கு உள்ளாகவில்லை. ஊமைக் கல் எவரையும் குலம் வினாவியதில்லை. அதிலே சுமையை இறக்கியவருட் பலர், அடுத்திருந்த கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளுவதற்கு உரிமை அற்றவராக இருந்தனர் என்பதுதான் நெஞ்சை உறுத்துவது.

மாற்றம் தானாக வந்ததன்று. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், தீண்டாமையை ஒழித்தல் தன் கடமைகளுள் ஒன்றெனக் கொண்டது. 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் காந்தியடிகள் அவ்வியக்கத்தாரின் அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்தார். பாடசாலைகளிலே ஒரு பகுதிப் பிள்ளைகள் வாங்கிலும், மற்றொரு பகுதியினர் நிலத்திலும் இருந்து படித்த காலம் அது. உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென 1929 ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பணித்தபோது, கடும் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையாயின. ஒரே வாங்கில் இரண்டு பிள்ளைகள் அருகருகே இருப்பதைத் தடுப்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்களும், கோடையிலே தண்ணீர்ப் பந்தல் இட்டவர்களும் ஒரே ஊராரே. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் போராட வேண்டியிருந்தது. 1966 ஆம் ஆண்டிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968 ஆம் ஆண்டின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் பலர் நினைவில் உள்ளவை.

சட்டம் கிணற்றின் படலையைத் திறக்கும். உள்ளே வந்தவரிடம் வாளியை நீட்டுவதற்குச் சட்டத்தாற் கை முளைக்காது. அந்தக் கையை வீடும் பள்ளிக்கூடமும் பழக்க வேண்டியிருந்தது. எல்லா ஊர்களிலும் அப்பழக்கம் ஒரே வேகத்தில் வந்ததுமில்லை. முற்றாக வந்துவிட்டது என்று சொல்வதற்குமில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் நாள் இந்தப் பழைய வழிகள் மீண்டும் தலைச்சுமைக்காரரால் நிறைந்தன. போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழை பெய்துகொண்டிருந்தது. மூட்டைகளோடு பிள்ளைகளையும் தூக்கிச் சென்றனர். நடக்கமாட்டாத முதியோரைச் சைக்கிள்களில் ஏற்றித் தள்ளிச் சென்றனர். வழியிலேயே உயிர் நீத்த முதியோரும் உண்டு. வண்டியில் வந்தவரும், வேலையாட்களை வைத்து வாழ்ந்தவரும், அவர்களிடம் வேலை செய்தவரும் அன்று ஒரே சேற்றிலே கால் புதைய நடந்தனர். சாவகச்சேரி, கொடிகாமம் பகுதிகளிலே பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் நிறைந்து வழிந்தன. நாலுபேர் வாழ்ந்த வீடுகளில் முப்பது, நாற்பது பேர் தங்கினர். வீட்டுக்காரர் பலர் உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டனர். சோறு போதாதவிடத்துக் கஞ்சி காய்ச்சினர். வந்தவர் யார் எவர் என்று வினாவ நேரமின்றி ஏராளமான படலைகள் அன்றிரவு திறந்தே கிடந்தன.

இப்பொழுது குடாநாட்டிற் கடகம் சுமந்து சந்தைக்கு நடப்பவர் அரியர். வீதிகள் அகலமாகியுள்ளன, அகலமானபோது சில சுமைதாங்கிகள் பெயர்க்கப்பட்டன. எஞ்சியவற்றிற் சில, விளம்பரச் சுவரொட்டிகளைச் சுமந்து நிற்கின்றன. தெருமூடி மடத்தின் கீழே மோட்டார்ச் சைக்கிள்கள் செல்கின்றன. உச்சிவெயிலில் அங்கே வேகத்தைச் சிறிது குறைப்பவர்களும் உண்டு. ஆவுரோஞ்சிக்கல் மிஞ்சியுள்ள இடங்களிலோ, எவர் நட்ட கல் என்று அறியாமலே, மாலைவேளையிற் கட்டாக்காலி மாடுகள் அதனிடம் வந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டு போகின்றன.