தெஹிவளையிலிருந்து கிராமத்துக்கு

சிங்களத் திரைப்படத்துக்குச் சிங்கள முகத்தைக் கொடுத்தவர் என்று லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸைச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் வீட்டில் புழங்கிய மொழி ஆங்கிலம் என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவர்? 1919இல் தெஹிவளையில், மேனாட்டு வாழ்க்கை முறையில் ஊறிய கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். கிராமம் அவருக்குப் பிறப்புரிமையாகக் கிடைத்ததன்று, தேடிப்போய்ப் பெற்றது.

அவருடைய தம்பி ஐவன் பீரிஸ் ஓவியர்; 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு'வின் தொடக்க உறுப்பினர். அக்குழுவின் உயிர்நாடியாக விளங்கியவர் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். மேற்கின் நவீன கலையைக் கற்று, அந்தக் கண்ணால் இந்நாட்டு மனிதரையும் கடலையும் பார்க்க முனைந்தவர்கள் இவர்கள். லெஸ்டரின் கமராவுக்கும் இந்தப் பார்வையே முதல் பாடம் என்பது என் எண்ணம்.

லண்டனில் குறும்படங்கள் எடுத்துப் பழகிய அவர், ரால்ப் கீன் அழைத்ததன் பேரில் 1952இல் நாடு திரும்பி அரசாங்கத் திரைப்படப் பிரிவில் சேர்ந்தார்.

அக்காலத்துச் சிங்களப் படம் எப்படி இருந்தது? 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படமானது மதுரையில். பின்வந்தவை பலவும் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலேயே உருவாயின. தமிழர் பங்களிப்பு என்று நாம் பெருமைப்படலாம். ஆயினும் பேச்சு சிங்களமாயிருக்க, மண் வேறாயிருந்தது.

அரச வேலையை உதறிவிட்டு, வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த ஆகியோருடன் அவர் எடுத்த 'ரேகாவ' (1956) ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலில் படமாயிற்று. பாடல்களை எழுதியவர் மார்சலின் ஜயக்கொடி அடிகளார் என்ற கத்தோலிக்கக் குரு. 1957இல் கேன்ஸ் விழா வரை சென்ற அப்படம் உள்ளூரில் பணம் ஈட்டவில்லை. அதிலுள்ள கிராமம், வெளியிலிருந்து அன்போடு பார்க்கப்பட்ட கிராமம். அது குறையென்றும் சொல்லலாம்.

'கம்பெரலிய' (1963) வேறு வகை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944ஆம் ஆண்டு நாவல் அது. தென்பகுதிக் கிராமத்து வளவு ஒன்று நொடித்துப்போகிறது. அவ்வீட்டு மகள் நந்தா, தனக்கு ஆங்கிலம் கற்பித்த பியலை விரும்பியும், குலப்பெருமை குறுக்கிட, ஜினதாசவை மணக்கிறாள். ஆடல் பாடல் எதுவுமின்றி, முகங்களையும் மௌனத்தையும் நம்பிச் சொல்லப்பட்ட கதை. 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது.

இங்கேதான் அவர் தம் வேரைத் தொட்டார் என்பேன். ஏனெனில் வளவின் உள்ளறைகளில் அடக்கி வைக்கப்படும் ஆசையும், பழைய அந்தஸ்து கைநழுவும் வலியும் தெஹிவளை வீட்டுப் பிள்ளைக்கு அந்நியமானவையல்ல. 'நிதானய'வில் மீண்டும் வளவு; எண்பது வயதைக் கடந்து எடுத்த 'வெகந்த வளவ்வ'வில் மறுபடியும் விலைபோகவிருக்கும் ஒரு பழைய வீடு. அதற்கு வித்து, செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்'.