சுவரில் துளை இல்லை

நாம் மூச்சை உள்ளிழுத்து வெளிவிடும் சிறு பொழுதில் காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்திலுள்ள கரியமில வாயு காற்றுக்குத் திரும்புகிறது. இந்தப் பரிமாற்றம் நிகழும் இடம் நுரையீரல் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். முற்கால மருத்துவ உலகமோ அந்த இடத்தை இருதயத்துக்குள் தேடிக்கொண்டிருந்தது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஜாலினூஸ் என்று அரபிகள் அழைத்த கிரேக்க மருத்துவ மேதை. இருதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் கசிந்து இடது அறையில் காற்றோடு கலக்கிறதென்றும் அவர் எழுதி வைத்தார். அத்துளைகளைக் கண்டவர் எவருமில்லை. எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாயிற்று. மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலும் அந்த வழியிலேயே சென்றது.

அந்தக் கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் விரிவுரை எழுதினார் இப்னு நஃபீஸ். டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் புகழ்பெற்றவர். ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும்கூட. விரிவுரையாளர் மூல நூலாசிரியரை மறுப்பது அக்காலத்தில் எளிதன்று. ஆயினும் அவர் மறுத்தார். அந்தச் சுவர் தடித்தது. அதில் புலப்படும் துளையுமில்லை, புலப்படாத துளையுமில்லை என்றார். அப்படியானால் இரத்தம் செல்லும் வழி எது? வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவி, காற்றோடு கலந்து, பின்னரே இடது அறையை அடைகிறது என்று விடை கண்டார். இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாயின் சுவர் தடித்தும், திரும்பக் கொணரும் குழாயின் சுவர் மெலிந்தும் இருப்பதற்கும் இதிலேயே காரணம் கூறினார். இரு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்கவேண்டும் என்பதும் அவர் கூற்று.

மார்க்கச் சட்டமும் இயல்பான இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அவரே குறிப்பிடுகிறார். அப்படியிருந்தும் இந்த முடிவுக்கு எவ்வாறு வந்தார் என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடுகின்றனர்.

அவர் சொல்லாததை அவர் மீது ஏற்றுவது நியாயமாகாது. பிராணவாயுவை அவர் அறியார். காற்றும் இரத்தமும் கலந்து உயிராற்றல் பிறக்கிறது என்றே கருதினார். அவர் ஊகித்த நுண்வழிகளை, தந்துகிகளாக, 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே கண்டவர் இத்தாலியரான மால்பீகி. வாயுக்களை நுரையீரல் சுரந்து தள்ளுகிறதா, அவை தாமே பரவுகின்றனவா என்ற வழக்கோ 20-ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. டென்மார்க்கின் குரோக் தம்பதியர் 1910-இல் விடை தந்தனர்: அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு வாயு தானே பரவுகிறது. நுரையீரல் நுண்ணறைகளில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். அங்கு வந்து சேரும் இரத்தத்தில் 40. கரியமில வாயுவுக்கு இரத்தத்தில் 46, நுண்ணறையில் 40. வேறுபாடு வெறும் 6 தான். ஆனால் அவ்வாயு பிராணவாயுவைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகப் பரவுவதால் அதுவே போதுமானது.

இப்னு நஃபீஸின் கண்டுபிடிப்பை ஐரோப்பியர் களவாடினர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவருடைய விரிவுரையின் ஒரு பகுதி 1547-இல் வெனிஸ் நகரில் லத்தீனில் அச்சானது உண்மையே. நுரையீரல் வழியை 1553-இல் எழுதிய செர்வேட்டஸ் அவரிடமிருந்துதான் அதைப் பெற்றார் என்பதற்கோ சான்று இல்லை. களவுப் பழி சுமத்துவதைவிட நாம் வெட்கப்பட வேண்டியது வேறொன்று: அவருடைய கையெழுத்துப் படி பெர்லின் நூலகத்தில் கிடந்தது. ஜெர்மனிக்குப் படிக்கச் சென்ற முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய மருத்துவர் அதைப் படித்து, 1924-இல் தம் பட்ட ஆய்வில் எடுத்துரைத்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.