வேட்டைநாயின் மெய்ம்மறை

மனிதன் தன் உடலுக்கு இட்ட கவசத்தின் வரலாறு பன்முறை எழுதப்பட்டுள்ளது. போரிற் சென்ற குதிரைக்கும் யானைக்கும் இடப்பெற்ற காப்புகளும் அவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளன. ஆயின், காட்டுப்பன்றியின்மேல் ஏவப்பட்ட வேட்டைநாய்க்கு இடப்பெற்ற மேற்காப்பு அத்துணைக் கருத்தைக் கவர்ந்ததில்லை. எந்நாய்க்குக் காப்பு இடப்பட்டது, அதன் உடலில் எப்பகுதி மறைக்கப்பட்டது, எப்பகுதி திறந்து விடப்பட்டது, அத்தெரிவு எக்காரணத்தால் நிகழ்ந்தது என்னும் வினாக்களை ஐரோப்பிய வேட்டை நூல்களை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காப்பினைக் குறிக்க 'மெய்ம்மறை' என்னும் பழஞ்சொல்லை ஈண்டு ஆள்கின்றோம். மெய்யை மறைப்பது மெய்ம்மறை. பதிற்றுப்பத்தில் இச்சொல் சேரவேந்தனுக்கு உருவகமாய் நிற்கின்றது. வீரர்க்கு முன்னின்று அவர்தம் உடலைக் காக்கும் கவசம் போன்றவன் அரசன் என்பது ஆண்டுக் கருத்து. அவ்வுருவகமும் நம் ஆராய்ச்சிக்குத் துணைசெய்யும்.

1. பன்றியின் மருப்பு

மெய்ம்மறையின் அமைப்பை அறியுமுன், அஃது எதனைத் தடுக்க எழுந்தது என்பதை அறிதல் வேண்டும். ஆண்பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. மேற்றாடைப் பற்களோடு இடைவிடாது உராய்தலால் அவை தீட்டப்பட்ட கத்திபோல் கூர்மையுறுகின்றன. பன்றி தலையைத் தாழ்த்திப் பாய்ந்து, கீழிருந்து மேல்நோக்கி எறியும் இயல்புடையது. ஆதலின், எதிர்நிற்கும் நாய்க்குக் கழுத்தும், மார்பும், விலாவும், வயிறுமே பெரும்பாலும் புண்படும் இடங்களாகின்றன.

ஆண்பன்றியின் தோளிலும் விலாவிலும் தோலின்கீழ்த் தடித்து இறுகிய கேடயம் போன்றதொரு பகுதி உண்டு. இணைவிழைச்சுக் காலத்துப் பிற ஆண்பன்றிகளோடு பொரும்போது அவற்றின் மருப்பினை அது தாங்குகின்றது. இயற்கை பன்றியின் உடல் முழுவதையும் மூடவில்லை. பகையின் எயிறு படும் இடத்தை மட்டுமே தடித்ததாக்கியது. நாய்க்கு மெய்ம்மறை வகுத்த மனிதனும் பிற்காலத்தில் இம்முறையையே மேற்கொண்டான்.

பன்றியின் மருப்பே மனிதனுக்குக் கவசமான வரலாறும் உண்டு. இலியது காப்பியத்தின் 10-ஆம் பகுதியில் பன்றி மருப்புகளை வரிசையாகப் பதித்த தலைக்காப்பு ஒன்று கூறப்படுகின்றது. அத்தகைய தலைக்காப்புகள் மைசீனிய நாகரிகக் கல்லறைகளிலும் கிடைத்துள்ளன. எனவே, காப்பு என்னும் கருத்தும் அதனைச் செய்யும் திறனும் மிகப் பழங்காலத்திலேயே இருந்தன என்பது தெளிவு. நாயின் உடலுக்கு அவை எப்பொழுது பயன்பட்டன என்பதே வினா.

2. கிரேக்கரும் உரோமரும்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டினராகிய செனோபோன் பெயரால் வழங்கும் வேட்டை நூல், நாயின் அணிகலன்களை முறையாக வகுத்துக் கூறும் பழைய நூலாகும். அந்நூல் முழுவதும் அவர் இயற்றியதுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கழுத்துப்பட்டை, கைவார், உடற்கச்சு என மூன்றனை அந்நூல் குறிக்கின்றது. கழுத்துப்பட்டை மென்மையும் அகலமும் உடையதாய், நாயின் மயிரைத் தேய்க்காததாய் இருத்தல் வேண்டும் என்றும், உடற்கச்சின் வார்கள் விலாவை உரசாதவாறு அகன்றிருத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. அக்கச்சில் சிறு முட்களும் தைக்கப்பட்டன. ஆயின், அவை பன்றியைத் தடுக்க எழுந்தவை அல்ல. நல்லினப் பெண்நாய் பிற நாய்களோடு கலவாவண்ணம் காக்க எழுந்தவை.

அந்நூலின் 10-ஆம் அதிகாரம் பன்றி வேட்டையைப் பற்றியது. இந்திய நாய், கிரேத்த நாய், உலோக்கிரிய நாய், இலக்கோனிய நாய் என்னும் நால்வகையினை அவ்வேட்டைக்குரியனவாக அது கூறுகின்றது. இந்திய நாட்டு நாய்கள் அக்காலத்தே கிரேக்கரால் அறியப்பட்டு மதிக்கப்பட்டன என்பதற்கு இது தக்க சான்று. பின்னர் வலை, எறிவேல், பன்றி வேல், காற்பொறி ஆகிய கருவிகள் விளக்கப்படுகின்றன. பன்றி வேலின் தண்டில், பன்றி மேலேறி வாராமல் தடுக்கும் பற்கள் அமைதல் வேண்டும் என்று நுணுக்கமாகக் கூறப்படுகின்றது. அவ்வமைப்பு வேட்டுவனின் உயிரைக் காப்பது. நாயின் உடலைக் காக்கும் கருவி எதுவும் அப்பட்டியலில் இல்லை. இவ்வேட்டையில் நாய்கள் மிகப் பல மடிகின்றன என்பதையோ அந்நூல் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றது. இழப்பு அறியப்பட்டிருந்தது, எனினும் அது வேட்டையின் இயல்பாகவே கருதப்பட்டது.

உரோம அறிஞர் வர்ரோ கி.மு. 37-இல் இயற்றிய வேளாண்மை நூலில் வேறொரு நிலையைக் காண்கின்றோம். ஆட்டுமந்தையைக் காக்கும் நாயின் கழுத்துக்குத் திண்ணிய தோற்பட்டை இடுதல் வேண்டும் என்றும், அதில் தலையுடைய ஆணிகளைச் செலுத்துதல் வேண்டும் என்றும், ஆணித்தலைகளின் உட்புறம் மெல்லிய தோலைத் தைத்து இரும்பு கழுத்தை வருத்தாமற் செய்தல் வேண்டும் என்றும் அவர் கூறுகின்றார். இப்பட்டையால் ஓநாய் ஒருமுறை புண்பட்டால், பட்டை அணியாத பிற நாய்களும் அதனிடமிருந்து தப்பும் என்பது அவர் கருத்து.

காக்க இடும் பொருள் தானே புண் செய்தலாகாது என்னும் நெறி இவ்விரு நூல்களிலும் அமைந்துள்ளது. காப்பின் தேர்வில் அதுவே முதல் நெறி எனலாம். மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. மந்தைநாய் நாள்தோறும் பயன்படுவது. அதன் இழப்பு உடைமையின் இழப்பு. ஆகவே அதற்குக் காப்பு அமைந்தது. வேட்டைநாயின் இறப்போ வேட்டைப் புகழின் ஒரு கூறாக அமைந்துவிட்டது.

3. சங்கச் செய்யுளில் நாயும் பன்றியும்

இம்மனநிலை கிரேக்கர்க்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழ்ச் சான்றோர் செய்யுள் காட்டும். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் 'குருளை' என்னும் ஒரே பெயரை வகுக்கின்றது. இளமைப் பெயரால் ஒன்றுபட்ட நாயும் பன்றியும் வேட்டைக்களத்தில் எதிர்நிற்கும் காட்சியைக் கபிலர் அகநானூற்றின் 248-ஆம் பாடலில் அமைத்துள்ளார். வலிய வேட்டைநாய்களைத் தாக்கித் தன் பிணையையும் பறழையும் தப்பவிட்டுக் குறுகிய வழியை அடைத்து நிற்கின்றது ஓர் ஆண்பன்றி. அதன் மறத்தைக் கண்ட வேட்டுவன், போர்க்களத்தில் நிலைநிற்கும் தலைவனை நினைந்து வியந்து, அதனைக் கொல்லாது மீள்கின்றான்.

அப்பாடலில் நாய்க்கு மெய்ம்மறை எதுவும் கூறப்படவில்லை. நாய்களின் வலிமை, அவற்றை வென்ற பன்றியின் மறத்தை அளக்கும் அளவுகோலாக நிற்கின்றது. அகப்பாடலின் நோக்கம் வேட்டையைக் கூறுவதன்று. ஆதலின் அதனைக் கொண்டு அக்கால வேட்டுவரின் வழக்கத்தை முடிவு கட்டுதல் பொருந்தாது. எனினும், புலவரின் பரிவு எவ்வுயிரைச் சார்ந்தது என்பதை அறிய அப்பாடல் போதிய சான்றாகும்.

4. இடைக்கால ஐரோப்பா

பிரெஞ்சு நாட்டுத் தென்பகுதியில் பொவா நாட்டை ஆண்ட கசுத்தோன் பெபுசு என்னும் பிரபு 1387-இல் தொடங்கி எழுதிய வேட்டை நூல், இடைக்கால வேட்டை இலக்கியத்தின் தலைசிறந்த நூலாகும். காட்டுப்பன்றி ஒரே வீச்சில் ஒருவனை முழங்காலிலிருந்து மார்புவரை கிழித்துக் கொன்றதைத் தாம் கண்டதாக அவர் எழுதுகின்றார். நாய்க்கொட்டிலின் அமைப்பு, வைக்கோற் படுக்கை, நோய்க்கு மருந்து ஆகியவற்றை அவர் கூறும் முறை, நாயினத்தின்பால் அவர் கொண்ட அன்பைக் காட்டுகின்றது.

ஆயின், அவ்வன்பு எல்லா நாய்க்கும் ஒப்பப் பகிரப்படவில்லை. அந்நூலைத் தழுவி, யார்க் கோமகன் எட்வர்டு 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு நூல் ஆக்கினார். அதில் 'அலாண்டு' என்னும் கனத்த நாயின் ஒரு வகையைப் பற்றி வருங்கூற்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. அந்நாய் தோற்றத்தில் அழகற்றது, இயக்கத்தில் மந்தமானது. ஆகவே பன்றியாலோ காளையாலோ அது கொல்லப்படினும் பேரிழப்பன்று என்பது அக்கூற்றின் சாரம். மோப்பம் பிடித்து விலங்கைத் தொடரும் நாய் போற்றப்பட்டது. விலங்கின் வாய்முன் சென்று பற்றும் நாய், அழியத்தக்க பொருளாக மதிக்கப்பட்டது. மெய்ம்மறை மிகவும் வேண்டப்படும் நாயே மிகக் குறைவாக மதிக்கப்பட்டது என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும்.

5. செருமானிய அரசவைகளில் மேற்சட்டை

16-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டுவரை செருமானியச் சிற்றரசவைகளில் பன்றி வேட்டை பெருவிழாவாக நிகழ்ந்தது. அக்கால ஓவியங்களிலும் சித்திரத் தொங்கற்சீலைகளிலும் மேற்சட்டை அணிந்த நாய்கள் பன்றியைச் சூழ்ந்து நிற்கக் காணலாம். தடித்த துணியை இரண்டு மூன்று அடுக்காக வைத்து, இடையே மயிரோ பஞ்சோ பொதிந்து, நெருக்கமாகத் தைத்து, மார்பும் வயிறும் படும் இடங்களில் திமிங்கிலத்தின் வாயினின்று எடுத்த வளையும் தகடுகளைச் செருகி அச்சட்டைகளை அமைத்தனர். இரும்பு வளையங்களாலான காப்பும் சிறுபான்மை வழங்கியது. ஆயின், துணிச்சட்டையே பெருவழக்காயிற்று.

இரும்பை அறிந்த மக்கள் துணியைத் தெரிந்தமைக்கு நாயின் உடலமைப்பே காரணம். மனிதன் மேனி முழுவதும் வியர்த்து வெப்பத்தைத் தணிக்கின்றான். நாய்க்கு அவ்வியல்பு மிகக் குறைவு. நாவை நீட்டி இளைத்தலாலேயே அது பெரிதும் குளிர்ச்சி பெறுகின்றது. உடலை முற்றும் மூடி, மார்பை இறுக்கி, எடையையும் ஏற்றினால், பன்றியின் மருப்புக்குத் தப்பிய நாய் தன் வெப்பத்தாலேயே வீழும். ஆகவே, காலும் முகமும் பின்புறமும் திறந்து விடப்பட்டன. மார்பும், விலாவும், வயிறும் மறைக்கப்பட்டன.

வேட்டையின் முறையும் இதற்கு இடந்தந்தது. பன்றியைத் தேடி நெடுந்தொலைவு துரத்தும் பணி எளிய நாய்களுக்கு உரியது. களைத்து நின்ற பன்றியின் செவியைப் பற்றி நிறுத்தும் பணி பெருநாய்களுக்கு உரியது. பெருநாய்கள் இறுதியிலேயே அவிழ்த்து விடப்பட்டமையால், சட்டையின் சுமையைச் சிறிது நேரமே தாங்கின. இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்ட இனத்தின் வழிவந்த இந்நாய்களுள் சிறந்தவை அரசரின் பள்ளியறையிலேயே தங்கும் பேறும், பொன்முலாம் பூசிய கழுத்துப்பட்டையும் பெற்றன. மேற்சட்டை சிறப்பாக உரியதும் இத்தகைய நாய்க்கே. உழவரும், ஆலையினரும், ஊன்வாணிகரும் அரசுக்காக வளர்த்துத் தர வேண்டியிருந்த எளிய நாய்கள் திறந்த உடலோடு சென்று பெருந்தொகையாக மாண்டன.

முந்திய பகுதியோடு இதனை ஒப்பிடுக. பன்றியைப் பற்றும் கனத்த நாய் முன்பு 'பேரிழப்பன்று' எனப்பட்டது. இப்பொழுது அதே தொழிலைச் செய்யும் நாய் சட்டை பெற்றது. பன்றியின் மருப்பு மாறவில்லை. துணி தைக்கும் திறனும் புதிதன்று. மாறியது நாயின் மதிப்பே. மெய்ம்மறையின் வரலாற்றைக் கைத்தொழிலின் வளர்ச்சியாக மட்டும் கொள்வார் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கூற இயலாது.

6. இக்காலத் தேர்வு

1965-இல் அமெரிக்க வேதியியல் அறிஞர் இசுடெபனி குவோலெக் கண்ட ஆய்வு, கெவ்லார் என்னும் வலிய இழைக்கு வழிவகுத்தது. வெட்டுக்கு எளிதில் இடங்கொடாத அவ்விழையும், திண்ணிய நைலான் துணியும் இன்று நாய்ச்சட்டைக்குப் பயன்படுகின்றன. செருமனியிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், ஆத்திரேலியாவிலும் பன்றி வேட்டைக்குச் செல்லும் நாய்கள் இவற்றை அணிகின்றன. துப்பாக்கி ஏந்திய பலர் சூழ்ந்து நிற்கும் செருமானிய வேட்டையில், நாயைப் பன்றியெனப் பிறழ உணர்ந்து சுடாதிருக்கச் சட்டைக்கு ஒளிமிக்க செம்மஞ்சள் நிறம் ஊட்டுகின்றனர். நிறமும் ஈண்டு ஒரு காப்பாயிற்று. இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தமையால் இத்தகைய காப்பு வேட்டைக்கு வேண்டப்படுவதில்லை.

இழை புதிதாயினும் தேர்வின் நெறிகள் பழையனவே. நெடுந்தொலைவு ஓடித் தேடும் நாய்க்கு மெல்லிய சட்டையும், நின்று பற்றும் நாய்க்குத் தடித்த மார்புக்காப்பும் கழுத்துக்காப்பும் பொருந்தும். கழுத்தின் சுற்றளவும், மார்பின் சுற்றளவும், முதுகின் நீளமும் அளந்து தெரிதல் வேண்டும். தளர்ந்த சட்டை புதரில் சிக்கும். இறுகிய சட்டை அக்குளைத் தேய்த்து மூச்சையும் தடுக்கும். வெப்ப நாட்டில் மிகுதியாக மூடுதல் தீங்காகும். கச்சின் வார் விலாவை உரசலாகாது என்ற செனோபோன் நூலின் விதியும், ஆணியின் உட்புறம் மென்தோல் இடுக என்ற வர்ரோவின் விதியும் இன்றும் பயன்படுவனவே.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். நாயின் மெய்ம்மறை, அதனைச் செய்யும் பொருளும் திறனும் கிடைத்த காலத்தே தோன்றியதன்று. நாயின் உயிர்க்கு விலை மதிக்கப்பட்ட இடத்தே தோன்றியது. அம்மதிப்பும் எல்லா நாய்க்கும் ஒப்ப அமையாது, உடையவனின் தகுதியையும் நாயின் குடிப்பிறப்பையும் சார்ந்தே நின்றது. காப்பின் சிறப்பு மிகுதியாக மறைத்தலில் இல்லாது, எதனைத் திறந்து விடல் வேண்டும் என்று அறிதலில் உள்ளது.

இவற்றோடு ஐயம் ஒன்றும் எழுகின்றது. மெய்ம்மறை நாயின்பால் கொண்ட இரக்கத்தின் விளைவு என்று மட்டும் கூறுதல் பொருந்துமா? சட்டை அணிந்த நாயை மேலும் வலிய பன்றியின்மேல் மேலும் பன்முறை ஏவலாம். காப்பு பெருகுந்தோறும் இடரும் பெருகுதல் கூடும். சேரவேந்தன் தன் வீரர்க்கு மெய்ம்மறையாய் முன்னின்றான் என்றது பதிற்றுப்பத்து. வேட்டைக்களத்தில் இம்முறை தலைகீழாகின்றது. ஆண்டுத் தலைவனுக்கு முன்சென்று மருப்பினைத் தன் மார்பில் ஏற்பது நாயே. தனக்கு மெய்ம்மறையாய் நின்ற உயிர்க்கு மனிதன் இட்ட சட்டையை, ஈகையெனக் கொள்வதினும் கடனெனக் கொள்வதே பொருத்தமுடைத்து.