கணக்கப்பிள்ளையும் வர்த்தகப் பட்டதாரியும்: கணக்கியற் கல்வியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் கணக்கியற் பட்டப்படிப்பைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் தமிழில் ‘கணக்கு’ என்ற சொல் இலக்கியத்துக்கும் உரியதாய் இருந்தமையை மறந்துவிடலாகாது. நூல்தொகுதியைப் பதினெண்கீழ்க்கணக்கு என்றோம். ஆசிரியனைக் கணக்காயன் என்றோம். எழுதத் தெரிந்தவனும் எண்ணத் தெரிந்தவனும் ஒருவனாகவே இருந்த சமூகத்தில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லுள் அடங்கியமை இயல்பே. அவை எப்பொழுது பிரிந்தன, எவருடைய தேவைக்காகப் பிரிந்தன என்பதே எமது வினா.

இந்தியக் கிராம சமுதாயத்தை வருணிக்கையில், வேளாண்மைக் கணக்கை எழுதுவதற்கென அங்கே தனியொருவன் இருந்தமையை மார்க்ஸ் குறிப்பிடுகிறார். ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் அவர் இப்பொருளுக்கு மீளவும் வருகிறார். கணக்கெழுதும் உழைப்பு புதிய பெறுமதி எதனையும் ஆக்குவதில்லை. ஆயினும் உற்பத்தி எந்த அளவுக்குச் சமூகமயமாகின்றதோ அந்த அளவுக்குக் கணக்கு வைத்தலின் இன்றியமையாமையும் பெருகுகின்றது என்பது அவர் முடிபு. சிறு கைவினைஞனுக்கு வேண்டியிருந்ததினும் முதலாளித்துவ உற்பத்திக்கு அது கூடுதலாக வேண்டும். கூட்டு உற்பத்திக்கோ அதனினும் கூடுதலாக வேண்டும். கணக்கியலை முதலாளியின் கைக்கருவி என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடும் நம் நண்பர் சிலர் இப்பகுதியை மீண்டும் படித்தல் நன்று.

இரட்டைப் பதிவு முறையை விளக்கும் முதல் அச்சுநூற்பகுதி 1494இல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. அதனை எழுதிய லூக்கா பசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. அவர் எதனையும் புதிதாகக் கண்டுபிடித்தவரல்லர். வணிகர் கைக்கொண்டிருந்த வழக்கையே நூலாக்கினார். ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்குகளிலேயே அம்முறை காணப்படுகின்றது. தொழில் முந்தியது, நூல் பிந்தியது, பட்டம் மிகவும் பிந்தியது. எடின்பரோக் கணக்காளர் 1854இலும் இங்கிலாந்துக் கணக்காளர் 1880இலும் அரச பட்டயம் பெற்றனர். அங்கெல்லாம் பயிற்சி என்பது ஒரு கணக்காளரிடம் ஒப்பந்தப்பட்டுப் பணிபுரிதலே. அதற்கெனப் பயிலுநனே பணம் செலுத்தும் வழக்கமும் இருந்தது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளே அவ்வாயிலில் நுழைய முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1881இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் கல்விக்கூடம் தோன்றியது. 1902இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வர்த்தக பீடத்தில் லோறன்ஸ் டிக்சி கணக்கியற் பேராசிரியரானார். அப்பீடத்தை அமைத்த வில்லியம் ஆஷ்லி ஒரு பொருளாதார வரலாற்றாசிரியர் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வரலாறும் கணக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று அவராவது கருதினார்.

இலங்கையில் நவீன கணக்கின் முதற் பள்ளிக்கூடம் பல்கலைக்கழகமன்று, பெருந்தோட்டமே. பிரட்டுக்களத்தில் விடியுமுன் ஆள் கூட்டப்பட்டது. வேலைக்குப் போனவருக்குக் கணக்கப்பிள்ளை செக்றோலிற் ‘பேர்’ போட்டார். முழு நாளுக்குப் பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதரின் பெயர் அவரது ஒருநாட் கூலிக்கு அலகாக மாறிய இவ்வழக்கைவிட, உழைப்பு சரக்காதலை விளக்கத்தக்க சொல் எமது மொழியிற் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. கங்காணிக்கு ஆள் ஒன்றுக்குத் தலைக்காசு கிடைத்தது. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போது பெற்ற முற்பணம் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறியது. அக்கடனின் அளவைக் குறித்து, அது தீர்க்கப்பட்டால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதிய தாளே ‘துண்டு’. துண்டின்றி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது; துண்டுடன் செல்பவருடைய கடனும் உடன் சென்றது. தம் பெயரில் எழுதப்பட்டதை வாசிக்கத் தெரியாத மக்களை அக்கணக்கு ஆண்டது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கொழும்புச் செட்டியார் தெருவிலே வேறொரு மரபு நிலவியது. நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், மேலாளின் அருகிலிருந்தே குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் கற்றான். தேர்ச்சி உயர்தரமானதே, ஆயினும் அது ஒரு சாதிக்குள், ஒரு வலைப்பின்னலுக்குள் அடைபட்டுக் கிடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தோடு அக்கடைகள் தளர்ந்தன. 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. பையன் கற்ற சொற்கள் மட்டும் பாடநூல்களில் எஞ்சின. இன்றும் எமது மாணவர் ஐந்தொகை என்றே எழுதுகின்றனர்.

1921இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இன் இலங்கைப் பல்கலைக்கழகமும் நிருவாக உத்தியோகத்தையே கல்வியின் சிகரமாகக் கண்ட மத்தியதர வர்க்கத்தின் கனவுகளைச் சுமந்தவை. அவ்வர்க்கத்தின் பார்வையிற் கணக்கெழுதுதல் இலிகிதர் வேலை. பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டபோதும் ஆங்கிலேய மரபின் ஒப்பந்தப் பயிற்சியே தொடர்ந்தது. மாற்றத்தின் உந்துசக்தி வேறிடத்திலிருந்து வந்தது. 1961இல் இலங்கை வங்கி தேசியமயமாயிற்று. அரச கூட்டுத்தாபனங்கள் பெருகின. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. பொதுச் சொத்துக்குக் கணக்கு வைக்க ஆள் வேண்டியிருந்தது. அதே காலத்தில் 1960 முதல் சுயமொழி மூலம் கற்ற கிராமப்புற மாணவர் பல்கலைக்கழக வாயிலை எட்டினர். விவசாயியின் மகளும் வர்த்தகமாணிப் பட்டத்துக்குப் படிக்கலாம் என்ற நிலை இவ்விரண்டின் சந்திப்பில் விளைந்ததாகும்.

அச்சந்திப்பு இன்று குலைந்திருக்கின்றது. உயர்தர வகுப்பிற் கணக்கீட்டைத் தமிழிற் பயிலும் மாணவர் பல்கலைக்கழகம் புகுந்ததும் முகாமைத்துவப் பட்டப்படிப்புகள் பலவற்றை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். ஐந்தொகையை நன்கு தயாரிப்பவர் அதனை விளக்கி ஒரு பக்கம் எழுத முடியாமல் தடுமாறுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்பது எம் வாதமன்று. ஆனால் தமிழிற் கணக்கை விளக்கவல்ல பட்டதாரி இல்லாது போனால் இழப்பவர் மாணவர் மட்டுமல்லர்.

1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. உற்பத்திச் செலவு தாங்கவில்லை என்பதே அவற்றின் வாதம். அச்செலவு எவ்வாறு கணிக்கப்படுகின்றது, எவை அதனுட் சேர்க்கப்படுகின்றன என்று வினவுவதற்குத் தொழிலாளருக்கும் அவர்தம் சங்கங்களுக்கும் ஒரு கணக்காளர் வேண்டும். அவர் லயத்து வாசலில் இருந்து தமிழில் அதனை எடுத்துரைக்கவும் வேண்டும். பிரட்டுக்களத்திற் பேர் போடப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் சிலர் இப்பொழுது எமது விரிவுரை மண்டபங்களிற் கணக்கியல் படிக்கின்றனர். செக்றோல் என்ற சொல் அவர்களுக்கு வீட்டிலிருந்தே தெரியும். பாடத்திட்டத்தில் அது இன்னும் இடம்பெறவில்லை.