வரியை விட்டுக்கொடுத்தால் வாடகை குறையுமா?

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டு வாடகை என்பது பிற்காலத்தில் வந்த கவலை. வேலை இருக்கும் வரை வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோதும் பட்டணத்துக்குப் பெயர்ந்த குடும்பங்கள்தாம், மாதம் பிறந்தால் வீட்டுக்காரருக்குப் பணம் எண்ணி வைக்கும் வாழ்க்கையை அறிந்தன. அந்தப் பணம் முழுவதும் வீட்டுக்காரரிடம் தங்குவதில்லை. சுக்காய் பிந்து என்று மலாயில் சொல்லப்படும் மதிப்பீட்டு வரியாக அதில் ஒரு பங்கு நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. வரிச் சீட்டு வருவது வீட்டுக்காரர் பெயருக்கு. சுமப்பதோ பெரும்பாலும் குடியிருப்பவர்.

அப்படியானால், அந்த வரியை அரசு விட்டுக்கொடுத்தால் வாடகை குறையுமல்லவா? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிவரும் ஊர், அமெரிக்காவின் நியூயார்க் நகரம்.

முதல் உலகப் போரின்போது அங்கே வீடு கட்டும் வேலை ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1920-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒரு வீடுகூடக் காலியாக இல்லை. வீட்டுக்காரர்கள் கேட்டதே வாடகை என்றாயிற்று. குடியிருந்தோர் ஒன்று சேர்ந்து வாடகை கொடுக்க மறுத்தனர். மாநில அரசு சட்டம் போட்டு வாடகை உயர்வுக்குத் தடை விதித்தது. ஆனால் தடை மட்டும் போட்டால் புதிதாக வீடு கட்ட யார் வருவார்? ஆகவே 1921-இல், புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு 1932 வரை சொத்து வரி இல்லை என்று நகரம் அறிவித்தது. கட்டடங்கள் மளமளவென எழுந்தன. ஆனால் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. புதிய வீடுகளில் வசதியுள்ளவர்கள் குடியேறினர். தையற்கூடத்துத் தொழிலாளி இருட்டறையிலேயே இருந்தார்.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஆளுநர் ஆல்பிரட் ஸ்மித். அவரே நியூயார்க்கின் ஏழைகள் வாழும் கீழ்க்கிழக்குப் பகுதியில் பிறந்தவர். 1926-இல் அவர் காலத்தில் வந்த வீடமைப்புச் சட்டம் வரிச் சலுகைக்கு விலை பேசியது. வீடு கட்டும் நிறுவனம் நூற்றுக்கு ஆறுக்கு மேல் லாபம் எடுக்கக் கூடாது. மான்ஹாட்டன் பகுதியில் ஓர் அறைக்கு மாதம் பன்னிரண்டரை டாலருக்கும், பிராங்க்ஸ் பகுதியில் 11 டாலருக்கும் மேல் வாடகை வாங்கக் கூடாது. இதற்கு இணங்கினால் கட்டடத்துக்கான வரியை நகரம் 20 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

இலாபத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஆறு சதவீதம் இனிக்கவில்லை. முன்வந்தது ஒரு தொழிற்சங்கம். ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஆபிரகாம் கசான் என்பவரின் முயற்சியால் பிராங்க்ஸில் ஒரு பெரிய பூங்காவின் ஓரத்தில் நிலம் வாங்கினர். 1927-இல் 303 குடும்பங்களுக்கான வீடுகள் எழுந்தன. பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். ஓர் அறைக்கு 500 டாலர் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. தையல்காரருக்கு அது மலைபோன்ற தொகை. சங்கத்தின் சொந்த வங்கி கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த வீடுகளுக்கு வீட்டுக்காரர் என்று தனியே ஒருவர் இல்லை. குடியிருந்தவர்களின் கூட்டுறவே உரிமையாளர். ஆகவே வரியில் மிஞ்சிய பணம் வேறொருவர் பைக்குப் போக வழியில்லை. 1930-களின் பெருமந்தத்தையும் அந்தக் கூட்டுறவு தாங்கி நின்றது. வரிச் சலுகையின் 20 ஆண்டு கழிந்த பின்னும் அதை யாரும் விற்று லாபம் பார்க்கவில்லை. இன்றும் அங்கே ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வாழ்கின்றன. 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் நம் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியதை அறிந்த நேயர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

உரிமையாளர் வேறு, குடியிருப்பவர் வேறு என்ற இடத்தில் கதை வேறு விதமாகப் போயிற்று. மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் மான்ஹாட்டனில் ஸ்டைவெசண்ட் டவுன் என்ற மாபெரும் குடியிருப்பைக் கட்டி 1947-இல் திறந்தது. பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்தால் 11,000 வீடுகளுக்கு மேல். நகரம் 25 ஆண்டு வரிச் சலுகை தந்தது; வாடகைக்கு வரம்பு வைத்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு கிடையாது என்றது நிறுவனம்! ஊராரின் வரிப் பணம் வேண்டும், ஊராரில் ஒரு பகுதியினர் வேண்டாம் என்பது என்ன நியாயம்? குடியிருந்த வெள்ளையர்களே பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். வரிச் சலுகை பெற்ற வீடுகளில் இன வேற்றுமை காட்டுவதை 1951-இல் நகரம் சட்டத்தால் தடுத்தது.

சலுகைக் காலம் 1974-இல் முடிந்தது. பழுதுபார்க்கும் செலவுக்காக 1992 முதல் வேறொரு வரிச் சலுகையை அந்நிறுவனம் பெறத் தொடங்கியது. அந்தச் சலுகை இருக்கும் வரை வாடகை அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆயினும் வீடுகள் காலியானபோது ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. 2006-இல் முழுக் குடியிருப்பும் 540 கோடி டாலருக்குக் கைமாறியது. குடியிருந்தோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். வரிச் சலுகையை ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறு கையால் வாடகையை அவிழ்த்துவிட முடியாது என்ற பொருள்பட 2009 அக்டோபரில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதங்களில், கடனைக் கட்ட முடியாமல் புதிய உரிமையாளர் குடியிருப்பையே கைவிட நேர்ந்தது. கூடுதலாக வாங்கிய வாடகை பின்னர் திருப்பித் தரப்பட்டது.

நம் நாட்டில் வழி வேறாக இருந்தது. 1948 ஜனவரி 31-க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து நிறுத்தியது. வரும்படி அற்பமாக இருந்ததால் உரிமையாளர் பலர் பழுதுபார்க்க மனம் கொள்ளவில்லை. ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பல அப்படித்தான் சிதைந்தன. சட்டம் நீக்கப்பட்டு, இடைக்காலமும் 1999 முடிவில் தீர்ந்தபோது, நெடுங்காலம் அங்கே குடியிருந்தவர்கள் பலர் வெளியேற நேர்ந்தது.

பின்னர், 2018 வரி ஆண்டில், மத்திய அரசு வருமான வரியில் ஒரு சலுகை தந்தது. மாதம் 2,000 வெள்ளிக்கு மேற்படாத வாடகைக்கு, முறையான ஒப்பந்தம் எழுதி வீட்டை விட்டால், அந்த வாடகை வருமானத்தில் பாதிக்கு வரி இல்லை. நோக்கம் நல்லதே. ஆனால் நியூயார்க்கின் 11 டாலர் வரம்பு தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2018-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி.