ஓர் ஓட்டமும் மூன்றாம் குச்சியும்

கிரிக்கெட் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, விக்கெட்டில் மூன்று குச்சிகள் நிற்க வேண்டும் என்னும் இரு விதிகளையும் இன்று ஆடுவோர் எவரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் 1770களின் தொடக்கம் வரை மட்டைக்கு அகல வரம்பே கிடையாது. விக்கெட்டுக்குக் குச்சிகள் இரண்டுதான். இந்த நிலை மாறுவதற்குக் காரணமானவை தென் இங்கிலாந்தின் கிராமச் சங்கம் ஒன்று ஆடி, மயிரிழையில் வென்ற இரண்டு ஆட்டங்கள். விதி வகுத்தவர்களின் முன்யோசனைக்கு இதில் பங்கு சிறிதே.

அந்தச் சங்கம் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஹேம்பிள்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்தது. சந்தா செலுத்திய உறுப்பினர்கள் நிலக்கிழார்களும் பாதிரிமாரும் படை அதிகாரிகளுமாகிய கனவான்கள்; அவர்கள் பெயரால் களமிறங்கியோரில் பலர் சுற்றுவட்டாரத்துக் கைவினைஞரும் குடியானவரும் கடைக்காரரும் ஆவர். பின்னாளில் ஆங்கில கிரிக்கெட்டை இரண்டாகப் பிளந்து, 1806இல் தொடங்கிய 'கனவான்களும் ஆட்டக்காரர்களும்' என்ற போட்டியாக உருவெடுத்து, 1962ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தோடுதான் ஒழிந்த தொழில்முறை, தொழில்முறையல்லாதோர் என்னும் பாகுபாடு அப்போது கெட்டிப்பட்டிருக்கவில்லை. பிராட்ஹாஃப்பென்னி டவுன் என்ற புல்மேட்டில் ஆட்டம் நடக்கும். எதிரே இருந்த 'பேட் அண்ட் பால்' விடுதியை நடத்திவந்த ரிச்சர்ட் நைரனே அணியின் தலைவர். ஊர்ச் சங்கமாக இருந்தும் லண்டனின் பெருமக்கள் திரட்டிய அணிகளை அது திணறடித்தது என்பதில்தான் அதன் தனிச்சிறப்பு இருக்கிறது.

ஆட்டத்தின் அன்றைய வடிவம் இன்றைய கண்ணுக்கு விசித்திரமானது. 1744ஆம் ஆண்டின் விதிகளின்படி விக்கெட் என்பது இருபத்திரண்டு அங்குல உயரமுள்ள இரண்டு குச்சிகளும், அவற்றின் தலையில் கிடத்தப்பட்ட ஆறு அங்குல நீளமுள்ள பெயில் என்னும் குறுக்குக் கட்டையுமே. ஓவருக்கு நான்கு பந்துகள். பந்துவீச்சு முழுவதும் கைதாழ்த்தி வீசுவது. ஓட்டங்களைக் கணக்கிடுவோர் ஒரு கழியில் வெட்டுக்குறி இட்டு எண்ணினர். தரையோடு தரையாகப் பந்தை உருட்டிய காலத்தில், அதை வாரி அடிப்பதற்கு நுனி வளைந்த, ஹாக்கிக் கோலையொத்த மட்டை போதுமானதாக இருந்தது. 1760களில் பந்துவீச்சாளர்கள் பந்தைக் காற்றில் விட்டு, மட்டையாளருக்குச் சற்று முன்னே தரையில் குத்தி எழும்பச் செய்யத் தொடங்கியதும் வளைந்த மட்டை பயனற்றுப் போய், நேரான மட்டை வந்தது. பீட்டர்ஸ்ஃபீல்டில் செருப்புத் தைப்பவராயிருந்து மட்டையும் பந்தும் செய்யும் தொழிலுக்கு மாறிய ஜான் ஸ்மால் இம்மாற்றத்தில் முன்னின்றவராகக் கருதப்படுகிறார்; ஹேம்பிள்டன் அணியின் தலைசிறந்த மட்டையாளரும் அவரே. மட்டை நேரானது என்றால், அதன் அகலம் எவ்வளவு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் அதை எவரும் எழுப்பவில்லை.

1771 செப்டம்பர் 23, 24 ஆகிய நாள்களில், சர்ரே மாவட்டத்தின் செர்ட்சி சங்கத்துக்கு எதிராக லேலம் பர்வே மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேட நேர்ந்தது. செர்ட்சிக்காக ஆடிய ரைகேட் ஊர்க்காரர் தாமஸ் ஒயிட், விக்கெட் முழுவதையும் மறைக்குமளவு அகன்ற மட்டையொன்றுடன் வந்து நின்றார். அகலத்துக்கு விதி எதுவும் வரம்பு கட்டாததால் நடுவரால் அதைத் தடுக்க இயலவில்லை. ஆட்டத்தில் ஹேம்பிள்டன் வென்றது, ஒரே ஓட்ட வித்தியாசத்தில். அடுத்த நாளே, அதாவது செப்டம்பர் 25 என்று தேதியிட்டு, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலமாக இருக்க வேண்டும் என்று கோரும் ஒரு தீர்மானத்தை ஹேம்பிள்டனின் வேகப் பந்துவீச்சாளர் தாமஸ் பிரெட் எழுத, நைரனும் ஸ்மாலும் அதில் கையொப்பமிட்டனர்.

இதில் கவனிக்கத்தக்கது, முறையிட்டவர்கள் தோற்றவர்கள் அல்லர் என்பது. வென்ற பிறகும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. ஓர் ஓட்டம் மாறியிருந்தால் மட்டையொன்றின் அகலமே வெற்றியைத் தீர்மானித்திருக்கும் என்ற அச்சம் அவர்களை உலுக்கியிருக்க வேண்டும். பெரும் வித்தியாசத்தில் முடிந்திருந்தால் ஒயிட்டின் மட்டை ஒரு வேடிக்கைக் கதையாகவே மறக்கப்பட்டிருக்கும். கையொப்பமிட்ட ஸ்மால் மட்டை செய்து விற்பவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம், அதை உள்நோக்கமாகக் கொள்ளச் சான்று இல்லையெனினும். நியாயம் பற்றிய அக்கறைக்குப் பின்னே பணமும் இருந்தது: அக்காலத்து ஆட்டங்கள் பந்தயப் பணத்துக்கு ஆடப்பட்டன, பார்வையாளரும் தனித்தனியே பந்தயம் கட்டினர். 1774இல் லண்டனின் பால் மால் தெருவிலிருந்த 'ஸ்டார் அண்ட் கார்ட்டர்' விடுதியில் பிரபுக்களும் கனவான்களும் கூடித் திருத்திய விதிகளில் மட்டையின் அகல வரம்பு இடம்பெற்றது. அதே விதித்தொகுப்பு பந்தயங்களைத் தீர்க்கும் முறையையும் வகுத்துரைத்தது. விளையாட்டின் ஒழுங்குக்குச் சூதாட்டம் செய்த உதவியைக் கிரிக்கெட் வரலாற்றாசிரியர்களில் சிலர் சற்றுக் கூச்சத்தோடுதான் குறிப்பிடுகின்றனர்.

இரண்டாவது ஆட்டம் 1775 மே 22, 23 ஆகிய நாள்களில் லண்டனின் ஆர்ட்டிலரி மைதானத்தில் ஹேம்பிள்டனின் ஐவருக்கும் கென்ட்டின் ஐவருக்கும் இடையே நடந்தது. இது 'ஒற்றை விக்கெட்' என்னும் வகை: ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே மட்டை பிடிப்பார், துணைக்கு மறுமுனையில் எவரும் இருக்க மாட்டார், ஓர் ஓட்டம் பெற அவர் மறுமுனைவரை ஓடித் திரும்பியாக வேண்டும். கென்ட் அணிக்கு இரவல் ஆட்டக்காரராக வந்தவர் சர்ரேயின் எட்வர்ட் ஸ்டீவன்ஸ். 'லம்பி' என்ற பட்டப்பெயரால் நாடறிந்தவர், டாங்கர்வில் பிரபுவின் தோட்டக்காரர், பந்தின் குத்துமிடத்தைத் துல்லியமாகத் தேர்வதில் அவருக்கு நிகர் அன்று எவருமில்லை. ஹேம்பிள்டனின் கடைசி ஆளாக ஸ்மால் இறங்கியபோது வெற்றிக்குப் பதினான்கு ஓட்டங்கள் தேவைப்பட்டன. லம்பியின் பந்து மூன்று முறை ஸ்மாலின் மட்டையை ஏமாற்றிவிட்டு, இரு குச்சிகளுக்கும் நடுவே நுழைந்து, பெயிலை அசைக்காமல் பின்னால் போயிற்று. பெயில் விழாததால் ஸ்மால் ஆட்டமிழக்கவில்லை. பதினான்கு ஓட்டங்களையும் எடுத்து அணியை வெல்லச் செய்தார். நன்றாக வீசியவனுக்குத் தண்டனையும் தப்பவிட்டவனுக்குப் பரிசும் கிடைத்த இந்த முடிவு நெடுநாள் பேசப்பட்டது. நடுவே ஒரு குச்சி நட வேண்டும் என்ற முடிவுக்கு அதுவே வழிவகுத்தது.

இச்செய்தியைத் தருபவர் ரிச்சர்ட் நைரனின் மகன் ஜான் நைரன். அவர் 1764இல் பிறந்தவர். சார்ல்ஸ் கௌடன் கிளார்க் செப்பனிட, அவர் நினைவுகள் நூலாக வெளிவந்தது 1833இல். ஆகவே பத்து வயதில் கேட்டறிந்ததைக் கிட்டத்தட்ட எழுபது வயதில் சொல்கிறார் என்பதை மறக்கலாகாது. தந்தையின் அணி மீதான பாசமும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆயினும் மட்டை விவகாரத்தில் அவர் கூற்றுக்கு 1771ஆம் ஆண்டின் ஏடே துணை நிற்பதால், குச்சி விவகாரத்திலும் அவரை அடியோடு ஐயுறக் காரணமில்லை.

மூன்றாம் குச்சி உடனே எல்லா ஊரிலும் நடப்பட்டுவிடவில்லை. பழகிய விக்கெட்டை மாற்றினால் மட்டையாளர்கள் மளமளவென விழுந்து ஆட்டம் விரைவில் முடிந்துவிடும் என்று அன்று பலர் அஞ்சினர். நடந்தது வேறு: தப்பிக்க இடுக்கு இல்லையென்றானதும் மட்டையாளர் தற்காப்பில் கவனம் செலுத்தத் தொடங்கினர். 1777 ஜூனில் செவனோக்ஸின் வைன் மைதானத்தில் ஹேம்பிள்டனின் ஜேம்ஸ் எயில்வார்ட் இங்கிலாந்து அணிக்கெதிராக 167 ஓட்டங்கள் குவித்ததையும், அந்த அணி ஓர் இன்னிங்ஸும் 168 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்றதையும் இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

1787இல் லண்டனில் தாமஸ் லார்ட் மைதானம் அமைத்து மெரில்போன் கிரிக்கெட் சங்கமும் தோன்றியபின் கனவான்களின் ஆதரவும் பணமும் அங்கே திரும்பின; 1796ஆம் ஆண்டோடு ஹேம்பிள்டன் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் நின்றுபோகின்றன. விக்கெட் பின்னர் படிப்படியாக வளர்ந்து இருபத்தெட்டு அங்குல உயரமும் ஒன்பது அங்குல அகலமும் எட்டியது. மட்டையின் அகலம் மட்டும் பிரெட் எழுதிய அளவிலேயே நிற்கிறது. கனத்த விளிம்பு கொண்ட மட்டைகள் பெருகி, அதன் பருமனுக்கும் விளிம்புக்கும் முறையே 67, 40 மில்லிமீட்டர் என்று வரம்பு விதிக்கப்பட்டது 2017இல்தான்.